கணக்கில் வராத கரண்டி

என் அத்தை ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். நூற்றெண்பது பேருக்கு மதியச் சாப்பாடும் இரண்டு வேளை டீயும் இருபத்திரண்டு வருடமாக அவர் பொறுப்பு. அங்கே அவருக்கு ‘மேஸ்திரி’ என்று பெயர். வைத்தவர் அங்கே காய் நறுக்குபவர். பெயர் நிலைத்துவிட்டதில் வைத்தவருக்கு இன்றைக்கும் பெருமை.

போன வருடம் அத்தையின் இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. வலது கண்ணிலும் மங்கல் தொடங்கியிருந்தது. ஆவி பறப்பது தெரியாமல் ஒரு நாள் கொதிக்கும் பானையின் விளிம்பை வெறுங்கையால் பிடித்துவிட்டார். நான்கு விரலிலும் கொப்புளம். மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்: வருடக் கடைசிக்குள் கண் ஆபரேஷன் நடக்காவிட்டால் அடுப்பை விட்டுவிட்டு மேசை துடைக்கும் வேலைக்குப் போகவேண்டும்.

கண் டாக்டரோ தேதி கொடுக்கவில்லை. ரத்தத்தில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஒன்பதரை இருந்தது. “எட்டுக்குக் கீழ கொண்டு வாங்கம்மா, உடனே பண்ணிடலாம்” என்று உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

ஆலோசகருக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு தட்டின் படத்தை எடுத்துக் காட்டினார். பாதித் தட்டு காய்கறி, கால் பங்கு சோறு, மீதிக் கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ.

“இது எங்க கேன்டீன் சுவத்துலயே தொங்குது” என்றார் அத்தை. “இந்தப் படத்த வெச்சுத்தான் நான் பரிமாறுறேன். காய் வேண்டாம்னு தட்ட இழுக்கறவனுக்கு ரெண்டு கரண்டி சேத்து விழும்.”

ஆலோசகர் சிரித்தபடி ஒரு நோட்டைக் கொடுத்தார். வாய்க்குள் போவதையெல்லாம் அதில் எழுதவேண்டும். அத்தைக்குக் கண் மங்கலில் எழுத்து தெரியவில்லை என்பதால் தினமும் சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

“காலையில?”

“ஒரு டீ, சக்கரை போடாம. ரெண்டு ரொட்டி.”

“மத்தியானம்?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமேவா அத்தை?”

“அத்தன பேருக்குப் போட்டு முடிக்கறதுக்குள்ள பசி செத்துடும்டி. ஒண்ணுமில்லன்னே எழுது.”

மூன்று மாதம் அப்படியே எழுதினேன். ராத்திரிச் சாப்பாடும் அளவாகத்தான் இருந்தது. மாத்திரையும் தவறவில்லை. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒன்பது புள்ளி நான்கு.

ஆலோசகர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். “சமைக்கறப்ப ருசி பாப்பீங்களாம்மா?”

“பாக்காம எப்படி இறக்கறது? அது வேலை. சாப்பாடு இல்ல.”

“எவ்வளவு இருக்கும்?”

“நாக்குல ஒரு சொட்டு.”

ஆலோசகர் நோட்டில் ‘ஒண்ணுமில்ல’ என்ற இடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். அது அத்தைக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் வழி நெடுக முணுமுணுத்தார். “நேத்து பொறந்த பொண்ணு, நான் திருட்டுத் தீனி திங்கறேன்னு நெனைக்கறா பாரு. நாளைக்கே நிரூபிக்கறேன்.”

மறுநாள் நடந்ததை அத்தையும் சொன்னார், காய் நறுக்குபவரும் சொன்னார். இருவர் சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அத்தை இரண்டு லிட்டர் வாளி ஒன்றை எடுத்துக் காய் நறுக்குபவர் முன்னால் வைத்தார். தான் ஒவ்வொரு முறை ருசி பார்க்கும்போதும் அவர் அதே அளவு எடுத்து அந்த வாளியில் ஊற்றவேண்டும், அவ்வளவுதான் வேலை.

“ஸ்பூனா, கரண்டியா மேஸ்திரி?”

“நான் எதுல எடுக்கறேனோ அதுல.”

ஏழு மணிக்கு டீ. சர்க்கரை போடும் முன்பு ஒரு வாய், போட்ட பிறகு ஒரு வாய், கலக்கியபின் இன்னொன்று. பிறகு பருப்பு, கோழிக்குழம்பு, சோறு வெந்ததா என்று ஒரு பிடி. அன்று வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமைகளில் பாலில் காய்ச்சிய இனிப்பு உண்டு. பதினோரு மணிக்குக் காய் நறுக்குபவர் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். மூன்றரைக்கு, இரண்டாவது டீயும் முடிந்தபின், வாளியைத் தூக்கி மேடைமேல் வைத்தார். விளிம்புக்கு இரண்டு விரல்தான் பாக்கி.

அத்தை பக்கத்தில் குனிந்து பார்த்தார். விரலை உள்ளே விட்டும் பார்த்தார்.

“நீ கூடப் போட்டிருக்கே.”

“கொறச்சுத்தான் போட்டிருக்கேன். ரெண்டு தடவ இனிப்புப் பானைப் பக்கம் போனீங்க. நான் பாக்கலன்னு நெனச்சீங்க.”

அத்தை வாளியோடு பாத்திரம் கழுவும் தொட்டியருகே போய் நின்றாராம். கவிழ்த்துவிட்டால் ஆலோசகருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. காய் நறுக்குபவரும் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை என்றார் அவர். திரும்பிப் பார்த்தபோது அத்தை வாளிக்கு மூடி போட்டுத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார்.

அதை அப்படியே பஸ்ஸில் கொண்டுபோய் ஆலோசகரின் மேசைமேல் வைத்தார். “இதுதான் அந்த ஒரு சொட்டு” என்றார்.

ஆலோசகர் மூடியைத் திறந்து பார்த்தார். திட்டவில்லை. “இது நாலு பேர் சாப்பாடும்மா, ஒழுங்கா ஒரு சாப்பாடும் இல்ல” என்றார். பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மணிநேரம் பேசினார்கள். பரிமாறும் முன்பே, பதினோரு மணிக்கு, ஒரு தட்டுப் போட்டு உட்கார்ந்து சாப்பிடவேண்டும். பசியோடு அடுப்படியில் நின்றால் கரண்டி பெரிதாகத்தான் செய்யும். ருசி பார்ப்பது இறக்கும் முன் ஒரே முறை, டீஸ்பூனில். டீயையும் இனிப்பையும் வேறொருவர் பார்க்கட்டும்.

உட்கார்ந்து சாப்பிடுவதுகூட ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இன்னொருவர் நாக்கை நம்புவதுதான் முடியவில்லை. காய் நறுக்குபவர் டீயை ருசி பார்த்துத் தலையாட்டும்போதெல்லாம் அத்தை அவர் முகத்தை முறைத்துக்கொண்டே நிற்பார். முதல் நாள் டீயில் சர்க்கரை நன்றாகவே குறைந்திருந்தது. நூற்றெண்பது பேரில் ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்த அத்தை சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

“ஒருத்தனாவது மூஞ்சியச் சுளிக்க வேண்டாமாடி? இத்தன வருஷம் யாருக்காக மூணு மூணு தடவ பாத்தேன்?”

நோட்டில் அன்றைய மதியத்தை மட்டும் எழுதினேன்: சோறு, பருப்பு, கீரை, ஒரு முட்டை.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் ஏழு புள்ளி எட்டு வந்தது. வருடம் முடிய ஐந்து வாரம் இருந்தது. கண் டாக்டர் அடுத்த செவ்வாய்க்கிழமை என்றார்.

“எத்தன நாள் அடுப்புப் பக்கம் போகக்கூடாது?”

“மூணு வாரம்.”

வெளியே வந்ததும் அத்தை போனை என்னிடம் நீட்டிக் காய் நறுக்குபவருக்குப் போடச் சொன்னார். பெரிய அடுப்பின் வலது பக்கத் தீ சீக்கிரம் பிடிக்கும் என்றார். பருப்பை ஊறவைக்காமல் போடாதே என்றார். உப்பைக் கையால் அள்ளாதே, அளந்து போடு என்றார். அந்தப் பக்கம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

“எல்லாம் எனக்குத் தெரியும் மேஸ்திரி. மணி பதினொண்ணு ஆயிடுச்சு. சாப்ட்டீங்களா?”

“இல்ல.”

“அப்ப போன வெச்சுட்டுப் போய்ச் சாப்பிடுங்க.”