தும்பியின் முழு வேகம்

மைதானத்தில் அவளை எல்லோரும் பஸ்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். விடியற்காலையில் பணிமனையிலிருந்து முதல் வண்டியை எடுத்து, மதியம் ஒரு மணிக்குக் கொண்டுவந்து நிறுத்துவாள். மற்ற ஓட்டுநர்கள் காலை நீட்டிப் படுக்க இடம் தேடும் நேரத்தில் இவள் மகளின் பந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பணிமனைக்குப் பின்னாலுள்ள சுவரை நோக்கி நடப்பாள். மகள் பள்ளி விட்டு வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். அதுவரை தரையைப் பெருக்குவாள், தூரத்தை அளப்பாள், அளந்ததை மறுபடி அளப்பாள். சும்மா இருக்கத்தான் வராது.

மகளுக்குப் பதினாலு வயது. குழந்தையாக இருந்தபோது பேசினாலும் அழுதாலும் இரண்டு கையையும் சுழற்றிக்கொண்டே இருந்ததால் தும்பி என்று பேர் வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளியில் சாஃப்ட்பால் ஆடப் போனவளைப் பந்து வீசச் சொன்னதும் அந்தக் கைகளால்தான். அந்த ஆட்டத்தில் கையை முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்பை உரசினாற்போலக் கீழிருந்து பந்தை விட வேண்டும். ஆட்டத்தின் பேரில் மட்டும்தான் மென்மை. பந்து ஒரு பெரிய ஆரஞ்சுப் பழம் அளவு இருக்கும், கல்லுக்கு அண்ணன்.

பஸ்காரம்மா தன் வாழ்நாளில் எந்தப் பந்தையும் தொட்டவள் இல்லை. ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவே ஓய்வறையில் போனில் வீடியோ பார்த்துத்தான் எல்லாவற்றையும் கற்றாள். காலை எங்கே வைப்பது, மணிக்கட்டை எப்போது சொடுக்குவது என்று பணிமனை வாசலில் நின்று வெறுங்கையைச் சுழற்றிப் பார்ப்பாள்.

"என்னம்மா, கையாலயே வண்டியைக் கிளப்பப் போறீங்களா?" என்பார் மெக்கானிக்.

"உங்களை நம்பி உக்காந்தா அப்படித்தான் கிளப்பணும்" என்பாள் இவள், கை சுழல்வதை நிறுத்தாமலே.

இப்படி மூன்று வருடம். மழை பெய்தால் வண்டி கழுவும் கொட்டகைக்குள், வெயிலென்றால் சுவர் நிழலில். ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அவள் உட்கார்ந்து, கையுறையை நீட்டுவாள். நாற்பது அடிக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் நின்று தும்பி வீசுவாள். ஒரு நாளைக்கு எண்பது பந்து. ஒவ்வொன்றுக்கும் அம்மாவிடமிருந்து ஒரு வார்த்தை உண்டு.

அந்த வருடத்தின் முதல் போட்டியன்று பயிற்சியாளர் பஸ்காரம்மாவைத் தனியே கூப்பிட்டார். கையில் வேகம் காட்டும் கருவி இருந்தது.

"போன வருஷத்தைவிடக் குறைஞ்சிருக்கு. வளர்ற பிள்ளைக்குக் கூடத்தானே செய்யணும்? நல்லாத்தான் சுத்துறா, பந்தை விடுற நேரத்துல மட்டும் கையை இழுத்துப் பிடிக்கிறா. பிரேக்ல கால் வெச்சுக்கிட்டே வண்டி ஓட்டினா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு."

பஸ்காரம்மாவுக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. தினம் ஒரு வைத்தியம். ஷூவை மாற்றினாள். மகளின் முதல் அடியை நீட்டினாள், மறுநாள் குறைத்தாள். தூக்கம் போதவில்லை என்றாள், தூக்கம் அதிகம் என்றாள். சிக்னலில் வண்டி நிற்கும்போதும் அவள் வலது கை ஸ்டியரிங்கைவிட்டு இறங்கி இடுப்போரம் சொடுக்கிப் பார்த்தது. தும்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வேகம் மட்டும் அப்படியே நின்றது.

போதாக்குறைக்கு, நேராக வரும் பந்துகள்கூட பஸ்காரம்மாவின் கையுறையிலிருந்து நழுவத் தொடங்கின. கண்ணில்தான் கோளாறோ என்ற பயம் வந்தது. கண் போனால் வேலையும் போகும். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். கடை மூடும் நேரத்தில் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைசி வரி எழுத்துகளை அவள் கடகடவென்று படித்ததும் அவர் விளக்கைப் போட்டார்.

"உன் கண்ணு கண்ணாடிக்காரன் பொழப்பைக் கெடுக்கிற கண்ணு. ஒரு குறையும் இல்ல."

"அப்ப ஏங்க பந்து தப்புது?"

"அதை என்னைக் கேட்டா? கொஞ்ச நாள் அவளையும் விடு, உன்னையும் விடு."

விடுவதாவது. மறுநாள் பேருந்தின் பின்பக்கப் படியில் போனைச் சாய்த்து வைத்து, மகளின் முதுகுப்பக்கமிருந்து பயிற்சி முழுவதையும் படம் பிடித்தாள். அடுத்த நாள் ஓய்வறையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, படத்தை மெதுவாக ஓட்டி மகளின் மணிக்கட்டைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. ஆறேழு தடவைக்குப் பிறகுதான் மகளுக்கு அப்பால், வாளிமேல் உட்கார்ந்திருந்த பெண்ணின்மேல் பார்வை போயிற்று.

அந்தப் பெண் கண்ணை இறுக மூடியிருந்தாள். முகத்தைத் தோள்பக்கம் திருப்பியிருந்தாள். அடுத்த பந்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

பஸ்காரம்மாவின் நாக்கு தானாக முன்பல்லைத் தொட்டது. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு பந்து தரையில் குத்தி எழும்பி வாயில் பட்டுப் பல்லின் ஓரம் உடைந்திருந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "பல் டாக்டருக்கும் பொழப்பு வேணும்ல, போடுடி அடுத்ததை" என்றாள். தும்பிதான் அழுதாள். அதை அன்றோடு மறந்துவிட்டதாக அவள் நினைத்திருந்தாள்.

மாலையில் மகள் வந்தாள். அம்மா வாளியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள்.

"வேணும்னேதான் மெதுவாப் போடுறியா?"

தும்பி பந்தின் தையலைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"கேக்குறேன்ல? எப்பலேர்ந்து?"

"பல்லு உடைஞ்சதுலேர்ந்து. நீ கண்ணை மூடுறது எனக்கு இங்கேர்ந்து தெரியும்மா. முகத்துல பட்டுடுமோன்னு கை தானா நின்னுடுது. இப்ப மேட்ச்லயும் அதேதான் வருது."

"எங்கிட்டச் சொல்லலாம்ல?"

"சொன்னா நீ எழுந்து போயிடுவே." தும்பி பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நீ இல்லாம எனக்குப் போட வராது."

பஸ்காரம்மா சட்டென்று வாளிமேல் உட்கார்ந்தாள். "இப்பப் போடு. முழு வேகத்துல. பயப்படாதே, நான் பிடிக்கிறேன்."

தும்பி வெகுநேரம் தயங்கினாள். பிறகு கை சுழன்றது. பந்து விட்ட சத்தம் கேட்டது, அவ்வளவுதான் பஸ்காரம்மாவுக்குத் தெரியும். கண்ணைத் திறந்தபோது பந்து பின்சுவரில் மோதி, தூரத்தில் ஒரு வண்டியின் சக்கரத்தடியில் உருண்டுகொண்டிருந்தது. கையுறை நீட்டிய இடத்தில் அப்படியே இருந்தது. அவள் மட்டும் வாளியோடு சாய்ந்து தரையில் கிடந்தாள்.

தும்பி ஓடி வந்தாள். பஸ்காரம்மா எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்ளவில்லை.

"எனக்குப் பயமா இருக்குடி" என்றாள். மகளிடம் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "உன் பந்து எனக்கு மேல போயிடுச்சு. என்னால முடியல."

அணியில் தும்பியின் பந்தைப் பிடிக்கும் கேட்சர்ப் பெண் நாலு தெரு தள்ளிக் குடியிருந்தாள். நல்ல கைக்காரி. ஆனால் போன போட்டியில் அவள் பந்தைப் பிடிக்காமல் தவறவிட்டபோது, "கையில என்ன ஓட்டையா?" என்று மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தியவள் பஸ்காரம்மாதான். அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் அம்மா இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த வீட்டு மணியை அடிக்கும் முன் தெருவை இரண்டு தடவை நடந்தாள். கதவைத் திறந்தவள் அந்த அம்மா. "என்ன விஷயம்?" என்று நிலையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க பொண்ணைப் பார்க்கணும். நான் அன்னிக்குப் பேசுனது தப்பு. அவகிட்டயே சொல்லணும்."

பெண் உள்ளேயிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். பஸ்காரம்மா சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "பரவால்ல ஆன்ட்டி, அன்னிக்கு நிஜமாவே மூணு விட்டேன்" என்றாள். "ஆனா தும்பி பந்து இப்ப ரொம்ப லேசா வருது. அவளுக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?"

"அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்குத்தான்."

அந்த அம்மா நிலையிலிருந்து கையை எடுத்தாள். "உள்ள வாங்க" என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பெண்களும் பள்ளி மைதானத்தில் ஆடினார்கள். முகக்கவசமும் நெஞ்சுக்கவசமும் போட்டவள்மேல் பந்து பட்டாலும் அவள் சிரித்தாள். முதல் சில நாள் தும்பியின் கை பழையபடிதான் இழுத்துப் பிடித்தது. பிறகு தாறுமாறாக அவிழ்ந்தது. பந்து வேலிக்குப் போயிற்று, புல்லில் புதைந்தது, ஒன்று பயிற்சியாளரின் தொப்பியைத் தட்டியது. பஸ்காரம்மா வேலிக்கு இந்தப்பக்கம் நடந்துகொண்டே இருந்தாள். சொல்ல வாய்வரை வந்ததையெல்லாம் விழுங்கினாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் விளங்கவில்லை.

அரையிறுதியில் தோற்றார்கள். தும்பியின் கட்டுக்கடங்காத பந்துகளால்தான் இரண்டு ஓட்டம் போனது. ஆனால் அவள் பந்தை எதிரணியில் மூன்று பேருக்குமேல் யாரும் சரியாகத் தொடவில்லை. பயிற்சியாளர் வேலிக்கு வந்து கருவியில் இருந்த எண்ணைக் காட்டினார். அது பஸ்காரம்மா இதுவரை பார்க்காத எண்.

வீட்டுக்கு வந்தும் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மாலை வெளிச்சம் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிக் குடியிருப்பைச் சுற்றி நடந்தாள். இரண்டாம் சுற்றில் தும்பி வந்து சேர்ந்துகொண்டாள்.

"எத்தனை தப்பு பார்த்தே? சொல்லு, கேட்டுக்கிறேன்."

"பதினொண்ணு. சொல்ல மாட்டேன். இன்னிக்குப் பந்துப் பேச்சே வேணாம்."

"அப்ப என்ன பேசுறது?"

இரண்டு பேருக்கும் எதுவும் தோன்றவில்லை. மூன்று வருடமாக வேறு எதுவும் பேசியதே இல்லை என்பது பஸ்காரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு தும்பி, தன் வகுப்பில் ஒருத்தி நாலு நாளாகத் தன்னோடு பேசுவதில்லை என்றும் காரணம் என்னவென்றே தெரியவில்லை என்றும் சொல்லத் தொடங்கினாள். சொல்லும்போது இரண்டு கையும் சுழன்றன. பஸ்காரம்மா அவள் தோளைப் பார்க்காமல், மணிக்கட்டைப் பார்க்காமல், முகத்தைப் பார்த்துக் கேட்க முயன்றாள். அது அவளுக்கு அவ்வளவு எளிதாக வரவில்லை.