நாற்பத்தொன்றின் அழுக்கு

சலவைக்காரர் முதலில் சட்டைக் காலரை மூக்கோடு வைத்து ஓர் இழுப்பு இழுப்பார். உள்ளே தைத்த எண்ணைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் பார்க்க வேண்டியதே இல்லை.

"பதினேழு. பேனாவை மூடாம பையில வச்சிருக்கான், தறுதலை." சட்டை இடதுபக்கத் தொட்டிக்குப் பறக்கும்.

"அறுபத்துமூணு. மறுபடி காலரை மென்னுருக்கு. சாப்பாடு பத்தலையோ என்னவோ." அது வலதுபக்கத் தொட்டிக்கு.

எண்பத்தெட்டு சளியைச் சட்டைக் கையில் துடைக்கிறவன். நூற்றிரண்டு அக்குளுக்குப் பவுடரை அப்புகிறவள். அந்த விடுதிப் பள்ளியின் நூற்றிருபது பிள்ளைகளில் ஒருத்தரின் முகமும் அவருக்குச் சரியாகத் தெரியாது. அழுக்கை வைத்து அத்தனை பேரையும் தெரியும்.

மேலே மூன்று மாடிப் பள்ளி. அதன் அடிவயிற்றில் சலவை அறை. இரண்டு சலவை இயந்திரங்கள், எந்நேரமும் முனகும் ஒரு பாய்லர், துணி விரித்த நீள மேசை. சுவர் முழுக்க மரப் பொந்துகள், ஒன்று முதல் நூற்றிருபது வரை. துவைத்த துணி அந்தந்தப் பொந்துக்குப் போகும். புதன்கிழமை பிள்ளைகள் வந்து எடுத்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் இவர் 'நம்பர் மாமா'. வயது ஐம்பத்தாறு. சலவைச் சோடாவில் ஊறி ஊறி விரல் நுனியில் ரேகையே கிடையாது. எழுத்தோடு பெரிய உறவு இல்லை, எண்ணோடு உண்டு. மையில் எழுதினால் மூன்று துவைப்பில் போய்விடும் என்று, ஒவ்வொரு துணியின் உள்பக்கத்திலும் சிவப்பு நூலால் எண்ணைத் தைத்துவிடுவார். நான்கை மட்டும் நூலை அறுக்காமல் ஒரே ஓட்டத்தில் தைப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம். அந்தப் பள்ளியில் ஆசிரியர்களும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பெயர் என்று ஒன்று இருப்பது விடுமுறைக்குப் போகும்போதுதான் ஞாபகம் வரும்போல.

நாற்பத்தொன்றாம் பொந்தில் துணி வைக்கும்போது மட்டும் அவர் கையை முழுசாக உள்ளே விடமாட்டார். விரல் நுனியால் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்வார்.

ஒன்பது வருடத்துக்கு முன் நாற்பத்தொன்று ஒரு பையன். வந்த புதிதில் சட்டையெல்லாம் சேறு. ஒரு மாதம் போனதும் துணி அழுக்கில்லாமல் வர ஆரம்பித்தது. காலரில் வேர்வை இல்லை, பையில் தூசி இல்லை. முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. இவர் சந்தோஷப்பட்டார். வேலை மிச்சம் என்று நினைத்து, வார்டன் அம்மாவிடம், "பசங்கன்னா இப்படி இருக்கணும்மா" என்று மெச்சிக்கூடச் சொன்னார். இரண்டு வாரத்தில் கட்டில் காலி. வீட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள். சமையல்காரம்மாவின் ஜன்னலுக்கு நேரே வெளிவாசல். "எந்த வண்டியும் வரலையே அண்ணே" என்றாள் அவள். பையனின் ஆறு சட்டையும் பொந்திலேயே கிடந்தன. அந்த மெச்சல் இன்னும் அவரை முள்ளாகக் குத்துகிறது.

அதற்குப் பிறகு ஒரு பெண், அப்புறம் இன்னொரு பையன். அதே எண், அதே சுத்தம், அதே காலிக் கட்டில். அந்தத் துணியைத் தொட்டால் பாய்லர் சூட்டிலும் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்ததுபோல் சில்லென்றிருக்கும்.

இந்த வருடம் நாற்பத்தொன்றுக்கு ஒரு பதிமூன்று வயதுப் பெண் வந்தாள். விளையாட்டுக் கால்சட்டையின் இரண்டு முட்டியிலும் மண், சட்டைக் கைப்பட்டையில் ஜாம், பை நிறையப் பென்சில் சீவல்.

"மாமா, என் பேண்ட்ல கறை போகவே இல்ல."

"நீ முட்டியாலயே மைதானத்தை உழுதுட்டு வர்ற. கறை எப்படிப் போகும்?"

"அப்போ நல்லாத் தேய்ங்க."

"உத்தரவு மகாராணி."

புதன்கிழமைதோறும் இந்த வம்பு இல்லாமல் அவள் துணியை எடுக்கமாட்டாள். அவருக்கும் அது தேவையாக இருந்தது.

ஐந்தாவது வாரம் கால்சட்டை சுத்தமாக வந்தது. பையை வெளியே இழுத்து உதறினார். ஒரு சீவல்கூட விழவில்லை. மூக்கில் வைத்தார். வெறும் துணி. புதன்கிழமை வரை காத்திருந்து கேட்டார்.

"பாப்பா, விளையாடப் போறதில்லையா?"

"போறேனே. நேத்துகூட விழுந்தேன்."

"முட்டியில மண்ணைக் காணோமே."

அவள் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "ஒட்ட மாட்டேங்குது மாமா."

அன்று மாலை அவர் கைகூடத் துடைக்காமல் மாடியேறி வார்டன் அம்மாவின் அறை வாசலில் நின்றார்.

"நாப்பத்தொண்ணை மாத்திடுங்கம்மா. அந்த நம்பர் வேணாம், காலியா இருக்கட்டும்."

வார்டன் அம்மா கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலியா விடக் கூடாது. பள்ளிக்கூடம் தொடங்கின நாள்லேருந்து அப்படித்தான். யாராவது போட்டிருக்கணும்."

"யாராவதுன்னா?"

"யாராவதுதான். உங்க வேலை துணி துவைக்கிறது இல்லையா?"

"ஆமாம்மா" என்று இறங்கி வந்துவிட்டார்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்த 'ஆமாம்மா'வைப் பற்றியும் தெரியும். அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் அவர் இஷ்டப்படிதான் செய்வார். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், புதுச் சட்டைக்கு அளவு பார்க்க வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டு, அவளுடைய துணி உருப்படி அத்தனையையும் கொண்டுவரச் சொன்னார். பிளேடால் சிவப்பு நூலைப் பிரித்தார். அந்த இடத்தில் நூற்றிருபத்தொன்று என்று தைத்தார். அப்படி ஒரு எண் பள்ளிக்கூடத்திலேயே கிடையாது. கடைசிப் பொந்துக்குப் பக்கத்தில் ஒரு சோப்புப் பெட்டியை ஆணியடித்து மாட்டி, "இனிமே உன் வீடு இது" என்றார்.

"சோப்பு வாசனையா இருக்கும், பரவால்ல" என்று அவள் துணியை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

அவள் போன பிறகு மேசையில் பிரித்த நூல் சிவப்பாகக் குவிந்து கிடந்தது. எதிரே நாற்பத்தொன்றாம் பொந்து திறந்திருந்தது. பாய்லர் பக்கத்தில்தான் நிற்கிறார், கணுக்கால் சில்லிட்டது. பொந்திலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது, யாரோ மூச்சு விட்டுக் காத்திருப்பதுபோல. அதன் பின்னால் இருப்பது வெறும் கல் சுவர்.

அவர் தன் சட்டையைக் கழற்றினார். ஊசியில் நூலைக் கோத்து, காலரின் உள்பக்கம், நூலை அறுக்காமல் நான்கைத் தைத்தார். பக்கத்தில் ஒன்று. உதறி மாட்டிக்கொண்டார். காற்று நின்றது.

அடுத்த சலவையில் சோப்புப் பெட்டி எண்ணுக்குரிய கால்சட்டை வந்தது. இரண்டு முட்டியிலும் செக்கச்செவேலென்று மண். பையிலிருந்து சீவல் கொட்டியது. அவர் அதை முகத்தில் பொத்திக்கொண்டு நின்றதைச் சமையல்காரம்மா பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணே, அழுக்குத் துணியைக் கட்டிக்கிட்டு சிரிக்கிறீங்க? அண்ணிக்குத் தெரியுமா?"

"உன் அடுப்படில வேலை இல்லையா தங்கச்சி? போ, போ."

சனிக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போகும் நாள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பத்து வருடமாக வீட்டம்மா வாசலிலேயே கையை நீட்டி நிற்பாள். "அங்கேயே கழட்டுங்க. சோடாவும் வேர்வையும் சேர்ந்து குடலைப் பிடுங்குது." அவர் கழற்றிக் கொடுப்பார், அவள் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போவாள். அவர்கள் வீட்டில் கொஞ்சல் என்பது அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமையும் கையை நீட்டினாள். வாங்கிய சட்டையை இரண்டு விரலில் பிடிக்காமல் முழுக் கையில் ஏந்திக்கொண்டாள். காலரை விரித்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"இந்த வாரம் வேலைக்கே போகலையா நீங்க? கடையில வாங்கினது மாதிரி இருக்கு. ஏன் இப்படிச் சில்லுனு கிடக்கு?"

அவர் சட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அடுப்புக்குப் பின்னால் கட்டைவிரலை விட்டு, ஒட்டியிருந்த கரியை வழித்தார். சட்டையை மேசையில் விரித்து, மற்றவர்கள் கறையைப் போக்கத் தேய்ப்பார்களே, அப்படி அழுத்தி அழுத்தி, சிவப்பு நூலைச் சுற்றிக் காலர் முழுக்கக் கரியைத் தேய்க்க ஆரம்பித்தார்.