பச்சைப் பட்டன்

சாப்பாட்டு டப்பாவை ஒரு கையால் மூடிக்கொண்டே, இன்னொரு கையால் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை அணைக்கிறார் தராசு. இணைய வேகத்தையும் குறைக்கிறார். அவரே கட்டிய வலைப்பக்கம் ஆடி அசைந்து வந்து சேருகிறது. பச்சைப் பட்டனை அழுத்துகிறார். 'போட்டாச்சு' என்று எழுத்து வருகிறது. "ம், பொழச்சுது" என்கிறார். புதிதாக எந்தக் கருவியைச் சேர்த்தாலும் இந்தச் சோதனை உண்டு.

தராசு என்பது பக்கத்து இருக்கைக்காரனான நான் வைத்த பெயர். பகலெல்லாம் எங்களோடு சேர்ந்து யானை கனத்துக்கு வலைத்தளங்கள் கட்டுகிறவர், தன் சொந்தப் பக்கத்துக்கு மட்டும் பிறர் எழுதிவைத்த நிரல்தொகுப்பான லைப்ரரி எதையும், கடுகளவு என்றாலும், எடை பார்க்காமல் சேர்ப்பதில்லை. நானெல்லாம் கண்ணில் பட்டதை அள்ளிப் போட்டுக்கொள்கிற ரகம். ஒருநாள் நல்லெண்ணத்தில் சிபாரிசு செய்தேன்.

"ரொம்பச் சின்ன லைப்ரரிங்க. பத்து கேபிகூட வராது."

"தனியா வந்தா பத்து. கூட யார் யாரக் கூட்டிட்டு வருதுன்னு பாத்தீங்களா? ஒருத்தர்தான் வர்றாருன்னு சொல்லிட்டு வேன்ல வந்து இறங்குவாங்க. யாரு வடிச்சுக் கொட்டறது?"

பார்த்தேன். வேன்தான்.

அந்தப் பக்கத்துக்கு ஆள் இரண்டே பேர்: தராசும் அவருடைய அப்பாவும். அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வேறு ஊரில் தனியாக இருக்கிறார். காலையில் ரத்த அழுத்த மாத்திரை போட்டதும் தன் பழைய போனில் பச்சைப் பட்டனை அழுத்துவார். மகள் இங்கிருந்து பார்த்துக்கொள்வார்.

முதலில் அதையும் அலுவலக வழக்கப்படி ஜோராகத்தான் கட்டியிருந்தார். அப்பாவின் போனில் பட்டன் உடனே தெரியும். அதை வேலை செய்ய வைக்கிற ஜாவாஸ்கிரிப்ட் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். ஒரு காலை, அது வருவதற்குள் அவர் அழுத்திவிட்டார். இங்கே ஒன்றும் பதிவாகவில்லை. தராசு போன் செய்தார்.

"மாத்திரை போடலையாப்பா?"

"போட்டேனேம்மா. பட்டனையும் அமுக்கினேன்" என்றார் அப்பா ஸ்பீக்கரில்.

"இங்க காட்டலையே. மறந்திருப்பீங்க. இப்பப் போடுங்க."

"போட்ட மாதிரிதான் இருக்கு... சரி, உன் மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இன்னொன்றும் போட்டுக்கொண்டார். ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கிக் குளியலறையில் மயங்கி விழுந்தார், நெற்றியில் தையல். நல்லவேளையாகக் கதவைத் தாழிடவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் தூக்கினார். நானாக இருந்தாலும் அந்த மெஷினைத்தான் நம்பியிருப்பேன்.

அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய தராசு, முதல் வேலையாகப் எல்லாவற்றையும் ஸ்கிரிப்டிலேயே ஓட்டுகிற பெரிய பிரேம்வொர்க்கைத் தூக்கிக் கடாசினார். இப்போது பக்கம் சர்வரிலேயே முழுசாகத் தயாராகி வருகிறது. பட்டன் சாதாரணப் படிவத்தின் பட்டன். ஸ்கிரிப்ட் வந்தாலும் வராவிட்டாலும் சேதி போய்ச் சேரும். பக்கம் மறுபடி முழுதாக வராமல் 'போட்டாச்சு' என்ற ஒரு வரியை மட்டும் மாற்றிக்காட்ட, நகத்தளவு லைப்ரரி ஒன்று உண்டு. அதுவும் ஏகப்பட்ட யோசனைக்குப் பிறகே உள்ளே விடப்பட்டது. தையல் ஆறிவிட்டது என்றாலும் அப்பா வாதாடுவதை நிறுத்தவில்லை: "டிக்கெட் கிழிச்ச கைம்மா. அமுக்கினா அமுக்கினதுதான்."

இத்தனை செய்தும் சில நாள் சேதி வராமல் போகிறது. போனில் சார்ஜ் இருக்காது, நெட் இருக்காது, அல்லது நிஜமாகவே மறந்திருப்பார். இன்று காலையும் வரவில்லை. தராசு அப்பாவைக் கூப்பிட்டார். மணி அடிக்கத் தொடங்கியதும், அந்தப் பக்கம் திறந்திருந்த லேப்டாப்பை மூடினார். "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்தவர், அப்பா சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.