அக்கிக்கு வேப்பிலை கட்டுவதில்லை

செங்காவி என்றால் எனக்குப் பெரியப்பாவின் முதுகுதான். விலாவைச் சுற்றி அரைஞாண் கட்டினாற்போல் அக்கிக் கொப்புளங்கள். அவற்றின் மேல் பாகலூர்க் குயவர் காவிக்கல்லை இழைத்துக் கோழி இறகால் எழுதிய சிங்கம். "அசையாதீங்க சாமி, சிங்கத்துக்கு வாலு கோணிக்கும்." வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே பெரியப்பா சொன்னார்: "வாலு கோணட்டும்டா. வாயி இருந்தா போதும், கடிக்கட்டும்."

ஐம்பதுகளின் ஒரு கோடை அது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவோம். பிள்ளைத்தாய்ச்சிகள் அந்தத் தெருவிலேயே நடக்கமாட்டார்கள். அக்கிக்கு வேப்பிலை இல்லை. அது உடம்புச் சூடு, குயவர் காரியம். மாரியம்மனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால் பெரியப்பா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. பெரியம்மா முன்பே இறந்துவிட்டதால், நிறைமாத வயிற்றோடு அம்மாதான் ராகிக் கஞ்சி கொண்டுபோனாள். கொப்புளநீர் ஊறிய துணியை அலசினாள். "எங்க வீட்ல எல்லாருக்கும் அம்மை வார்த்துச்சு, என்னைய மட்டும் ஆத்தா தொடவே இல்ல" என்று பெருமையடித்துக்கொள்வாள். அந்தப் பெருமைக்குள்தான் அது நுழைந்தது.

சிறுவயதில் வந்த சின்னம்மை போய்விடுவதில்லை. நரம்பின் வேரில் சுருண்டு படுத்துக்கொள்கிறது. உடம்பின் காவல் அதைக் கொல்வதில்லை, படுக்க வைத்திருக்கிறது, அவ்வளவே. வயதான பின் காவல் கண்ணயர்ந்தால் அக்கியாக எழும். அதை ஒருநாளும் கண்டிராத உடம்பில் இறங்கினால் மறுபடி அம்மையாகும்.

அம்மாவுக்குக் காய்ச்சல், பிறகு முத்துகள். அப்போதுதான் எங்கள் வாசலுக்கு வேப்பிலை வந்தது. கட்டியவர், விலா ஆறிய பெரியப்பா. முத்துகள் காயும் முன்பே இடுப்புவலி கண்டது. தாயின் ரத்தம் பகையை அடையாளம் கண்டு, எதிர்ப்பைத் திரட்டி, கொடி வழியே பிள்ளைக்குக் கொடுத்தனுப்பச் சில நாள் வேண்டும். தம்பிக்கு அது கிடைக்கவில்லை. நோய் கொடியைத் தாண்டிவிட்டது; காவல் தாண்டவில்லை. தெளிந்த தோலோடு பிறந்தான். பிறகு கொப்புளம் பூத்தது, மூச்சு இரைத்தது, அழுகை பூனைக்குட்டியின் முனகலாகி நின்றது. "ஆத்தா எடுத்துக்கிட்டா" என்றது ஊர். குழி வெட்டியதும் பெரியப்பாதான். கடைசிவரை அவருக்குத் தெரியாது.

நாற்பது வருஷம் கழித்துப் பெங்களூர் மருத்துவர் ஒருவர் இதையெல்லாம் எனக்கு விளக்கினார். வந்து அம்மாவிடம் சொன்னேன். ராகி புடைத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

"தெரிஞ்சிருந்தா மட்டும்? உங்க பெரியப்பாவுக்குக் கஞ்சி யாரு ஊத்தறது?"

ராகியைப் புடைத்து முடித்து முறத்தை இறக்கிவைத்தாள்.

"அப்போ, அவன ஆத்தா எடுத்துக்கலையா?"