குளியலறை ஜன்னல் ஆர்க்கிட்

பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். தெருவே அவரைப் பல்செட்காரர் என்றுதான் சொல்லும். மெழுகில் ஒரு பல்லை மயிரிழை நகர்த்திவைக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். வாயிலிருந்து வார்த்தையை விடும்போது மட்டும் அந்த நிதானம் கிடையாது.

தான் விரும்பியவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக மகள் சொன்ன அன்றும் அப்படித்தான் விட்டார். "போறதுன்னா மொத்தமாப் போயிடு. உன் பொருள் ஒண்ணுகூட இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

அவள் ஒரு பெட்டியோடு போய்விட்டாள். குளியலறை ஜன்னல் கம்பியில் அவள் கட்டித் தொங்கவிட்டிருந்த மரத்துண்டு மட்டும் தங்கிவிட்டது. அதில் வெளுத்த மண்புழுக்களைப் போலப் பத்துப் பன்னிரண்டு வேர்கள் ஒட்டிக்கிடந்தன. பேருக்குக்கூட ஓர் இலை இல்லை.

எல்லாவற்றையும் எடுத்துப் போனவள் இதை ஏன் விட்டுப் போனாள்? வேண்டுமென்றேதான், அப்பா பார்த்துக்கொள்வார் என்றுதான். அப்படி முடிவுகட்டிக்கொண்டார் அவர்.

ஆனால் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. வேளைக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றியதில் ஒரே மாதத்தில் மூன்று வேர்கள் பழுத்துக் கொழகொழத்துவிட்டன. மரத்துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு நர்சரிக்கு ஓடினார்.

"இது இலையில்லாத ஆர்க்கிட் சார், கைலோஸ்கிஸ்டான்னு பேரு" என்றார் நர்சரிக்கார அம்மா. "இலை செய்யற வேலையை வேரே செஞ்சுக்கும். மண்ணுல கிண்ணுல வச்சிடாதீங்க. காலையில மழைத்தண்ணியைப் புகை மாதிரி தெளிங்க. வேர் பச்சையானதும் நிறுத்திடுங்க, மத்தியானத்துக்குள்ள காஞ்சிடணும். வெளிச்சம் வேணும், ஆனா உச்சி வெயில் ஆகாது. காத்து ஓடிக்கிட்டே இருக்கணும்."

அழுகிய வேர்களை மெழுகு செதுக்கும் கத்தியால் நறுக்கி எடுத்தார். மழைநீர் பிடிக்க மாடியில் வாளிகள் வைத்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை உரத்தைச் சொட்டுக் கணக்கில் கரைத்துத் தெளித்தார்.

"வேருக்கு உபசாரம் பண்ற மனுஷன், பெத்த பொண்ணுக்கு ஒரு போன் போட்டா கை தேஞ்சா போயிடும்?" என்பாள் மனைவி. அவள் வாரம் தவறாமல் மகளோடு பேசுகிறவள். பேத்தி பிறந்த செய்திகூட அவள் வழியாகத்தான் அவர் காதுக்கு வந்தது.

"பூக்கட்டும், நானே நேர்ல போறேன்" என்பார்.

ஐந்தாவது வருடம் வேர்களுக்கு நடுவிலிருந்து ஒரு தண்டு நீண்டது. சட்டைப் பொத்தான் அளவில் பதினொரு மஞ்சள் பூக்கள். மறுநாளே அட்டைப்பெட்டியில் காற்றுக்குத் துளை போட்டு, மரத்துண்டை அதற்குள் அசையாமல் கட்டி, மனைவியோடு ரயிலேறிவிட்டார். ஆறு மணி நேரமும் பெட்டி மடியிலேயே இருந்தது.

"வாங்கப்பா" என்று கதவைத் திறந்தாள் மகள். மருமகன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்ற பேத்தி கேட்டாள், "இந்த அங்கிள் யாரும்மா?"

"தாத்தாடா."

குழந்தை நம்பாமல் பார்த்தது. சாப்பாடு முடிந்ததும் அவர் பெட்டியைத் திறந்தார். "நீ விட்டுட்டுப் போனியே, அது. பூத்துடுச்சும்மா."

மகள் குனிந்து பார்த்தாள். எதுவென்று ஞாபகப்படுத்திக்கொள்ளப் பாடுபடுவது தெரிந்தது. "ஓ, இதுவா? கூட வேலை பார்த்தவ குடுத்தது. இன்னுமா வச்சிருக்கீங்க? நான் மறந்தே போயிட்டேம்பா."

"மறந்துட்டியா?"

"அன்னிக்கு நீங்க பேசினதைத் தவிர வேற எது மனசுல நின்னுச்சு?" சாதாரணமாகத்தான் சொன்னாள். தட்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் சமையலறை வாசல்வரை போனார். "அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா."

"விடுங்கப்பா. அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு." குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கிளம்பும்போது பெட்டியை அவளே மூடிக் கையில் கொடுத்தாள். "எடுத்துட்டே போயிடுங்கப்பா. இங்க யாரும் பார்த்துக்க மாட்டாங்க, செத்துப் போயிடும்."

ரயிலில் மனைவி பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள் அவள். அன்று ஊர் வந்து சேரும்வரை பெட்டியை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.