பெரியக்காவும் தம்பியும்

அந்த இல்லத்தில் எல்லோருக்கும் அவர் பெரியக்கா. நர்ஸாக இருந்தவர். மனவளர்ச்சி குன்றிய பெண்பிள்ளைகளை எங்கே விடுவதென்று தெரியாமல் பெற்றவர்கள் தவிப்பதைப் பார்த்து, வேலையை உதறிவிட்டு ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்தார். கல்யாணப் பேச்செடுத்தால், "வீடு நிறைய பொண்ணுங்க இருக்காங்க, மாப்பிள்ளை வந்தா உக்கார எங்க இடம்?" என்று சிரிப்பார்.

வெட்டியாகத் திரிந்த தம்பியை, அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் இல்லத்து வேனுக்கு டிரைவராகப் போட்டார். நிர்வாகக் குழுவில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேச்சு வராத பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். எந்நேரமும் எதையாவது முனகிக்கொண்டே இருப்பதால் பாட்டுக்காரி என்று பெயர். ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், தம்பி அவளை வேனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு சிநேகிதனோடு அரட்டையடிக்கப் போய்விட்டான். கொளுத்தும் வெயில். கதவைத் திறந்தபோது அவள் நினைவிழந்து கிடந்தாள். உயிர் பிழைத்தாள், முனகல் நின்றுபோனது.

குழு அவசரமாகக் கூடியது. மூத்தவரான வக்கீல், "அந்தப் பொண்ணு தானா மயக்கம் போட்டு விழுந்துடுச்சுன்னு சொல்லிடலாம். விஷயம் வெளிய போனா இல்லத்தையே இழுத்து மூடணும். அந்தப் பொண்ணா வாயத் தொறந்து சொல்லப்போவுது?" என்றார்.

"அவளால சொல்ல முடியாதுன்னுதான சார் நாம இருக்கோம்?" என்றார் பெரியக்கா. "அவன் என் தம்பி. நீங்க முடிவெடுக்கறப்ப நான் இங்க இருக்கக் கூடாது. ஆனா அவ அப்பாகிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லிடுவேன்."

சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்றார். உள்ளே வெகுநேரம் சத்தம். கடைசியில் தம்பியை நீக்கினார்கள்.

பெண்ணின் அப்பா தையல்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கள நம்பித்தானம்மா விட்டேன்" என்றார். மகளைக் கூட்டிக்கொண்டு நேரே போலீசுக்குப் போனார். தம்பிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

யாரையும் கேட்காமல் அவனைச் சேர்த்தது தான்தானே என்று பெரியக்கா இல்லத்துத் தலைமைப் பொறுப்பை விட்டார். இருக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள்; கேட்கவில்லை. இல்லம் தள்ளாடினாலும் மூடவில்லை.

"கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுத்துட்டியேடி" என்று அழுத அம்மா, அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. தம்பி வெளியே வந்ததும் அவனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

அம்மா இறந்த செய்தியை அந்த ஊர்ப் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். பெரியக்கா போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். தம்பி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"கடைசி வரைக்கும் உன் பேச்சே எடுக்கல அம்மா" என்றான், நிமிர்ந்து பார்க்காமல்.

"தெரியும்டா."

பையைக் கீழே வைத்துவிட்டு அவனருகில் உட்கார்ந்தார். அவன் எழுந்து போகவில்லை.