டோர்செட் பார்க்கில் ஒரு காப்பிய அரசன்

வெள்ளிக்கிழமை பிற்பகல் டொரோண்டோவில் இறங்கினேன். திருச்சியிலிருந்து சென்னை, லண்டன் வழியாக வந்த களைப்பில் கால்கள் வீங்கியிருந்தன. வெளியே நேசன் அண்ணா காத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அதுவரை தொலைபேசியில் மட்டுமே அவரை அறிவேன். அவரும் மனைவி சாந்தி அக்காவும் ஸ்கார்பரோவில் மாதம் ஒருமுறை வாசகர் கூட்டம் நடத்துகிறார்கள். கிரேக்கரின் பழைய போர்க்காப்பியத்தின் இறுதிப் பகுதியை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி ஒரு சிற்றிதழில் வெளியிட்டிருந்தேன். அதைக் கூட்டத்தில் வாய்விட்டு வாசிக்கப் போகிறோம், நீங்களும் வரவேண்டும் என்று எழுதி, பயணச்சீட்டையும் அனுப்பிவைத்தவர்கள் இவர்கள்.

"வாங்கோ தங்கச்சி. குளிருதோ?"

மே மாதம்தான், ஆனால் பதினொரு டிகிரி. நான் பதில் சொல்வதற்குள் தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தந்துவிட்டார். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே முப்பது கிலோமீட்டர் போகவேண்டும். வெள்ளிக்கிழமை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டோர்செட் பார்க்கில் அவர்கள் வீடு பதினான்காவது மாடியில். சாந்தி அக்கா குழல்புட்டும் மீன்குழம்பும் வைத்துக் காத்திருந்தார். இருந்த ஒரே படுக்கையறையை எனக்குக் கொடுத்துவிட்டு இருவரும் கூடத்தில் படுத்தார்கள். நான் மறுத்தபோது, "கதைக்காமல் படுங்கோ" என்றார் அக்கா. அந்த அதட்டலில் எனக்குக் கூச்சம் போய்விட்டது.

சனிக்கிழமை காலை நேசன் அண்ணா என்னை டான்ஃபோர்த் தெருவுக்குக் கூட்டிப்போனார். கென்னடி நிலையம் வரை பஸ், பிறகு சுரங்க ரயில். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு மூன்று டாலர் முப்பது சென்ட். கிரேக்கர் வந்து குடியேறிய தெரு அது. பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்துக்குக் கீழே கிரேக்க எழுத்துகள். அடியில் வண்டல் தங்கும் கெட்டிக் காப்பியைச் சிறு கோப்பையில் வாங்கிக்கொண்டு வெளியே போட்டிருந்த மேசையில் உட்கார்ந்தோம்.

படிக்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நகரம் ஆண்டுக்கணக்காக முற்றுகையில் கிடக்கிறது. அதன் கிழட்டு அரசனுடைய மகனை எதிரிகளின் தலைசிறந்த வீரன் கொன்று, உடலைத் தேரில் கட்டி இழுத்து, திருப்பித் தராமல் வைத்திருக்கிறான். அரசன் எதிரியின் பாசறைக்கே போகிறான். மகனைக் கொன்ற கைகளை முத்தமிட்டு உடலைக் கேட்கிறான். வீரனுக்குத் தன் தகப்பன் நினைவு வருகிறது. இருவரும் அழுகிறார்கள். வீரன் உடலைக் கழுவி எண்ணெய் பூசி உடுத்தி ஒப்படைக்கச் சொல்கிறான். அந்த இரவில் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள்.

"ராசாவின்ர பகுதியை நான் வாசிக்கிறன்" என்றார் நேசன் அண்ணா. "வீரன்ர பகுதியை அன்ரன் எண்டு ஒருத்தர். மன்னார் ஆள், ஒரு மணித்தியாலத் தூரம், விட்பியிலயிருந்து வாறவர். போன வருசம்தான் எங்கட கூட்டத்துக்கு வரத் துவங்கினவர். நல்ல குரல்." காப்பியைச் சுழற்றிவிட்டுக் கேட்டார்: "உதில வாற தெய்வங்கள் ஏன் இப்பிடி இருக்கினம்? கீழ சனம் சாகுது. மேல இவையள் சண்டை பிடிக்கினம், பின்னேரம் விருந்து சாப்பிட்டுச் சிரிக்கினம்."

"அவங்களுக்குச் சாவு இல்லையே அண்ணா. எதையும் நிரந்தரமா இழக்க முடியாது. அதனால கொஞ்ச நேரத்துல எல்லாம் மறந்துடுது. அந்த வீரன் ஒரு தேவதைக்குப் பிறந்தவன்தான். ஆனா அவனும் சாகப்போறவன், அது அவனுக்கே தெரியும். அதனாலதான் கிழவனோட சேர்ந்து அழ முடியுதுன்னு எனக்குத் தோணும்."

அவர் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"என்ர தம்பி குமரனும் அந்த ராசாவின்ர மகன் மாதிரித்தான் போனவன், தங்கச்சி. அவன் ஒரு இயக்கத்தில இருந்தவன், வேற இயக்கக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவை. உடம்பு கிடைக்கேல்ல. அந்த ராசாவுக்குப் போய்க் கேக்க ஒரு இடமாவது இருந்தது. என்ர அப்பாவுக்கு அதுவும் இல்லை."

ஞாயிறு மதியம். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடும் அறையில் கூட்டம். முப்பது பேர் இருப்பார்கள். அன்ரன் நரைத்த தாடியும் பெரிய தோள்களும் கொண்டவர். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நேசன் அண்ணாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

பல மாதம் என்னோடு இருந்த சொற்களை இன்னொருவர் குரலில் கேட்டது அன்றுதான். அரசன் கெஞ்சும் இடத்தில் நேசன் அண்ணாவின் குரல் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். அன்ரன் நிதானமாக, கடைசிவரை தடுமாறாமல் வாசித்தார்.

பேச்சு தொடங்கியதும் நேசன் அண்ணா எழுந்து தம்பியைப் பற்றிச் சொன்னார். கூட்டத்தில் அவர் அதைச் சொல்வது முதல் முறை என்று சாந்தி அக்கா என் காதில் சொன்னார். நேசன் அண்ணா தொடர்ந்தார்: "வல்லை வெளிப்பக்கம் கொண்டுபோனவை எண்டு மட்டும் கேள்விப்பட்டம். பெடியனுக்குக் கையில ஆறு விரல். அதை வைச்சுக் கண்டுபிடிக்கலாம் எண்டு அப்பா கனகாலம் திரிஞ்சவர்."

அன்ரன் எழுந்து நின்றார்.

"நேசன் அண்ணை, இடக்கையோ?"

"ஓம்."

"சுண்டு விரலுக்குப் பக்கத்தில. சின்ன விரல், நகமும் இருந்தது."

நேசன் அண்ணா கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார்.

"நான் அந்த மற்ற இயக்கத்தில இருந்தனான்" என்றார் அன்ரன். "பத்தொன்பது வயசு. சுட்டது நானில்லை. குழி வெட்டித் தாட்டுப்போட்டு வாங்கோ எண்டு என்னையும் இன்னொருத்தனையும் அனுப்பினவை. ஆர், எவர் எண்டு சொல்லேல்ல. எனக்கு அப்பிடியே போட்டிட்டு வர மனம் கேக்கேல்ல. குடிக்கக் கொண்டுபோன தண்ணியில முகத்தைக் கழுவினன். நான் கட்டியிருந்த சாரத்தால சுத்தினன். எரிக்க ஏலாது, புகையைக் கண்டா ஆமியின்ர ஹெலி வரும். உங்கட தேவாரம் எனக்குத் தெரியாது அண்ணை. தெரிஞ்ச செபத்தைச் சொன்னன்."

நேசன் அண்ணாவின் முகம் இறுகிப்போயிருந்தது. சாந்தி அக்கா எழுந்துபோய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். என்ன நடக்குமோ என்று பயந்தேன். ஏன் இந்தப் பகுதியை மொழிபெயர்த்தேன் என்றுகூட நினைத்தேன்.

"தலையை எந்தப் பக்கம் வைச்சனீங்கள்?" என்று கேட்டார் நேசன் அண்ணா.

"தெற்கை. சைவ ஆக்கள் அப்பிடித்தான் வைப்பினம் எண்டு மற்றவன் சொன்னவன்."

நேசன் அண்ணா நடந்துபோய் அன்ரனின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். பெரிய உடம்புக்காரரான அன்ரன் குலுங்கிக் குலுங்கி அழுதார். "நன்றி ஐயா" என்று நேசன் அண்ணா சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது. "அவன் தனியப் போகேல்ல."

யாரோ மேசையில் ரோல்ஸையும் மட்டன் கொத்தையும் திறந்துவைத்தார்கள். "முதல்ல ரெண்டுபேரும் சாப்பிடுங்கோ" என்று சாந்தி அக்கா தட்டுகளைக் கையில் திணித்தார். அருகருகே உட்கார்ந்து, அதிகம் பேசாமல் சாப்பிட்டார்கள். பிறகு நேசன் அண்ணா பிக்கரிங்கில் இருக்கும் தங்கைக்கு ஃபோன் போட்டார். "குமரன் எங்க இருக்கிறான் எண்டு தெரிஞ்சிட்டுது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனை மனைவியிடம் கொடுத்தார்.

காப்பியத்தில் உடலைத் திருப்பிக் கொடுக்கும்படி தெய்வங்களே ஆளனுப்பி வீரனுக்குக் கட்டளையிடுகின்றன. இந்தப் பத்தொன்பது வயதுப் பையனுக்கு யாரும் கட்டளையிடவில்லை. இதை நான் ஊரில் மேசையில் உட்கார்ந்து எத்தனை அகராதி புரட்டினாலும் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன்.

புதன்கிழமை மாலை விமான நிலையத்துக்கு நேசன் அண்ணாவும் அன்ரனும் சேர்ந்தே வந்தார்கள். அன்ரன் வேலையிலிருந்து நேரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்திருந்தார். பெட்டியை அவர்தான் தூக்கினார். வழியெல்லாம் ஜனவரியில் யாழ்ப்பாணம் போய் வல்லைக்குப் போவதைப் பற்றியே பேச்சு.

"இடம் மாறியிருக்கும் அண்ணை. என்னால சரியாக் காட்ட ஏலுமோ தெரியாது."

"கிட்டத்தட்டக் காட்டினாப் போதும்."

உள்ளே போகுமுன் நன்றி சொல்ல முயன்றேன். அறை கொடுத்தது, சோறு போட்டது, ஜாக்கெட் தந்தது என்று அடுக்கிக்கொண்டே போனேன். சொல்ல நினைத்தது அதில் எதுவும் இல்லை. "போட்டு வாங்கோ தங்கச்சி" என்று நேசன் அண்ணா தலையாட்டினார்.

அந்தப் பழைய கதையில் அரசனும் வீரனும் விடிவதற்குள் பிரிந்துவிடுகிறார்கள். துக்கம் காக்கச் சில நாள் போர் நிற்கிறது, பிறகு மீண்டும் தொடங்குகிறது. அவர்கள் மறுபடி சந்திப்பதே இல்லை. கண்ணாடிக் கதவுக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தேன். அன்ரன் வழியனுப்பும் இடத்திலேயே தயங்கி நின்றிருந்தார். நேசன் அண்ணா காரின் முன்கதவைத் திறந்து பிடித்தபடி சொல்வது கதவு மூடும்வரை கேட்டது:

"ஏறும் அன்ரன். விட்பிக்கு நான் கொண்டுபோய் விடுறன்."